ஒரு யாளியைப் பட்டுக் கரையில் ஏற்றுவது எப்படி

கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுத் தறிக்குக் கொடுக்கக் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த சாப்ட்வேர் என்றுதான். எந்தத் தறி என்று நான் திருப்பிக் கேட்பேன். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துத் தெரு ஒன்றில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிற இரண்டு தறிகளுக்குக்கூட ஒரே டிசைன் அப்படியே பொருந்தாது. இழைகளைப் பிரித்து வைக்கிற சீப்பான பண்ணை வேறாக இருக்கும், டிசைனுக்கு இழைகளைத் தூக்குகிற ஜக்கார்டு பெட்டி வேறாக இருக்கும், ஊடையை நெருக்கப் பலகையை அடிக்கிற கை வேறாக இருக்கும். அதனால் படம் வரைவதற்கு முன்னால் ஒரு நோட்டும் அங்குல டேப்பும் எடுத்துக்கொண்டு தறிக்குப் போய்விடுங்கள்.

என் அப்பா கிராஃப் தாளில் பென்சிலால் கட்டம் கட்டமாக நிரப்பியவர். நான் அதே கட்டங்களைத் திரையில் நிரப்புகிறேன். கைத்தறிக்குள் கம்ப்யூட்டர் வருவதைப் பார்த்துச் சிலர் கலங்குகிறார்கள். இந்தத் தறி இதற்கு முன்பும் புதிதாக வந்ததை வாங்கி வைத்துக்கொண்டதுதான். ஒரு காலத்தில் இங்கே அடை என்ற முறை இருந்தது. டிசைனை நூல் கட்டுகளாகத் தறியிலேயே கட்டி வைத்து, ஒருவர் இழுத்துக் கொடுக்க இன்னொருவர் நெய்வார். 1804-ல் பிரான்சில் லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு செய்த பெட்டி பின்னால் இங்கே வந்து அந்த இடத்தைப் பிடித்தது. பெட்டியில் ஓடும் அட்டையில் ஓட்டை இருந்தால் இழையைத் தூக்கும் கொக்கி எழும், இல்லாவிட்டால் கிடக்கும். கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததும் இந்த இரண்டே நிலைதான். அதனால்தான் இரண்டும் இவ்வளவு சுலபமாகச் சேர்கின்றன.

இங்கே வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துத் தூணில் இருக்கிற யாளி ஒன்றைக் கரையில் கொண்டுவருவதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். தறியில் நீளவாக்கில் இருக்கும் இழை பாவு, குறுக்கே ஓடும் இழை ஊடை. ஜரிகை ஊடையாக ஓடும் கரை இது. ஜரிகை பாவிலேயே இருக்கும் கரைக்குக் கணக்கு வேறு.

தறியில் எடுக்க வேண்டிய கணக்கு

ஜக்கார்டு பெட்டியில் எத்தனை கொக்கி என்று கேளுங்கள். 120, 240, 400 என்று இருக்கும். நாம் 240 என்று எடுத்துக்கொள்வோம். ஒரு கொக்கியில் எத்தனை இழை கட்டியிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. ஒன்றுக்கு ஒன்று என்றால் டிசைன் நுணுக்கமாக வரும், அகலம் குறையும். ஒரு கொக்கிக்கு இரண்டு இழை என்றால் அகலம் இரட்டிக்கும், வளைவுகள் படிக்கட்டாகத் தெரியும்.

கொக்கிகளில் இழைகளைக் கட்டியிருக்கும் கட்டு நேராகப் போகிறதா, நடுவில் திரும்புகிறதா என்றும் பார்க்க வேண்டும். திரும்பும் கட்டில் நீங்கள் பாதி உருவம் வரைந்தால் போதும், மறுபாதியைத் தறியே எதிரொலிக்கும். முந்தியில் வரும் இருதலைப்பட்சிக்கு அது அருமையான வசதி. பக்கவாட்டில் பார்க்கிற யாளிக்கு நேர்கட்டு வேண்டும்.

பிறகு கரையில் அங்குலத்துக்கு எத்தனை பாவு இழை, எத்தனை டிசைன் ஊடை என்று எண்ணுங்கள். நெசவாளர் வாயால் சொல்கிற எண்ணை மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். அவர் கடைசியாக நெய்த சேலையில், ஜரிகை அடர்ந்திருக்கும் இடத்தில், இழை எண்ணும் கண்ணாடியை வைத்து மூன்று நான்கு இடத்தில் எண்ணுங்கள். கண்ணாடி இல்லையென்றால் ஒரு ஸ்கேலைத் துணிமேல் வைத்து மொபைலில் கிட்டப் படம் எடுத்துப் பெரிதாக்கினாலும் எண்ணிவிடலாம். இந்தச் சின்ன வேலைக்கு மொபைலைப் போல உதவுகிற கருவி இல்லை.

கணக்கு காட்டுவதற்காகப் பாவு 100, டிசைன் ஊடை 60 என்று வைத்துக்கொள்வோம். தரை, அதாவது டிசைனுக்கு அடியில் இருக்கும் துணி. அதை நெய்கிற தரை ஊடை இடையிடையே தனியாகப் போகும், அதைக் காலால் மிதிக்கிற மிதி பார்த்துக்கொள்ளும். 240 கொக்கி, ஒரு கொக்கிக்கு ஒரு இழை என்றால் நம் யாளியின் உயரம் 2.4 அங்குலம். நீளம் 3 அங்குலம் வேண்டுமென்றால் 180 டிசைன் ஊடை, அதாவது 180 வரி. ஒரு வரிக்கு ஓர் அட்டை, ஆக 180 அட்டை.

கடைசியாக, சேலையை முகம் மேலாக நெய்கிறாரா, கீழாக நெய்கிறாரா என்று கேளுங்கள். முகம் கீழே இருந்தால் உருவம் வருகிற இடத்து இழைகளை மட்டும் தூக்கினால் போதும், காலுக்குப் பாரம் குறைவு. முகம் மேலே என்றால் உருவத்தைத் தவிர மற்றதை எல்லாம் தூக்க வேண்டும். இது தெரியாமல் அட்டை அடித்தால் உருவமும் தரையும் இடம் மாறிப்போகும், யாளியும் வேறு பக்கம் பார்க்கும்.

திரையில் கட்டம் போடுவது

சாப்ட்வேருக்கு இப்போது வருகிறேன். அரசின் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் தயாரித்த டிஜிபுனாய் இருக்கிறது. கைத்தறி ஜக்கார்டுக்கும், சிறு டிசைன்களுக்கான டாபிக்கும் என்றே செய்த இலவச மென்பொருள் அது. கற்றுக்கொள்கிறவர்களுக்குப் படம் திருத்தும் மென்பொருளான ஜிம்ப் போதும் என்பது என் எண்ணம். அதுவும் இலவசம்தான். கட்டத்தை நீங்களே யோசித்து நிரப்ப வேண்டியிருப்பதால் நெசவு புரிந்துவிடும். ஸ்லோவேனியாவின் அராவீவ் போன்ற தொழில்முறை மென்பொருள்கள் துணி எப்படி வரும் என்றுகூடக் காட்டும். மாதம் முழுக்க டிசைன் போடுகிற நிலைக்கு வந்த பிறகு அவற்றை யோசிக்கலாம்.

ஜிம்ப்பில் புதுப் படம் திறந்து, அகலம் 180, உயரம் 240 புள்ளி என்று கொடுங்கள். ஒரு புள்ளி ஒரு கட்டம். இப்போது திரையில் அழகான வட்டம் ஒன்றை 180-க்கு 180 என்று வரைந்தால், துணியில் அது வட்டமாக வராது. ஊடைப் பக்கம் 180 புள்ளி என்பது 3 அங்குலம், பாவுப் பக்கம் 180 புள்ளி என்பது 1.8 அங்குலம். வட்டம் முட்டையாக நீண்டுவிடும். யாளியின் உருண்ட கண்ணும் அப்படித்தான் ஆகும். கம்ப்யூட்டர் டிசைன் கைத்தறியில் கெட்டுப்போவதற்கு நான் பார்த்த அளவில் இதுதான் முதல் காரணம்.

இதற்கு ஜிம்ப்பிலேயே வழி இருக்கிறது. இமேஜ் மெனுவில் பிரிண்ட் சைஸ் என்பதைத் திறந்து, இரண்டு எண்ணையும் பிணைக்கிற சங்கிலிக் குறியை விடுவித்து, குறுக்கே 60, நெடுக்கே 100 என்று தனித்தனியாகக் கொடுங்கள். பிறகு வியூ மெனுவில் டாட் ஃபார் டாட் என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். துணியில் வரப்போகும் விகிதத்திலேயே படம் தெரியும். கிராஃப் தாளில் வேலை செய்தவர்கள் இதற்கென்றே கட்டம் நீளமாக அச்சடித்த தாள் வாங்கி வைத்திருப்பார்கள். அதே காரியம்.

தூணைப் படம் எடுக்கும்போது வெயில் சாய்ந்து விழுகிற காலையிலோ மாலையிலோ போங்கள். நேர் வெளிச்சத்தில் சிற்பத்தின் மடிப்புகள் தெரியாது. படத்தை அடியில் ஒரு லேயராக வைத்து, மேலே இன்னொரு லேயரில் பென்சில் கருவியால், அளவு 1 என்று வைத்து வரையுங்கள். பிரஷ் வேண்டாம். பிரஷ் ஓரத்தில் மங்கலான இடைநிறங்களை விட்டுவிடும், பாதி எழுகிற கொக்கி என்று எதுவும் கிடையாது. வேலை முடிந்ததும் படத்தை இண்டெக்ஸ்டு முறைக்கு மாற்றி, எத்தனை நிறம் இருக்கிறது என்று பாருங்கள். தரை, ஜரிகை, இரண்டே நிறம் இருக்க வேண்டும். மூன்றாவது நிறம் இருந்தால் எங்கோ ஒரு புள்ளி கறைபட்டிருக்கிறது, தேடிப் பிடியுங்கள். சேமிக்கும்போது பிஎன்ஜி அல்லது பிஎம்பி. ஜேபெக்கில் சேமித்தால் அது தானாகவே நிறங்களைக் கலக்கிவிடும்.

போட்டோவை அப்படியே சுருக்கிக் கட்டமாக்கிவிடலாமே என்று கேட்பார்கள். செய்து பாருங்கள், யாளியின் பிடரி கலங்கிய சேறாக வரும். 240 கட்டத்துக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்பது கை எடுக்கும் முடிவு. பிடரியில் இருபது சுருள் இருந்தால் ஆறு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணும் கோரைப்பல்லும் துதிக்கையும் தெளிவாக இருந்தால் பார்க்கிறவர்கள் யாளியை உடனே கண்டுகொள்வார்கள். செயற்கை நுண்ணறிவு வரைந்து கொடுக்கிற படங்களுக்கும் இதையேதான் சொல்வேன். கரை எப்படி அமையலாம், முந்தியில் எவ்வளவு இடம் விடலாம் என்று யோசிக்க அவை உதவும். அதிலிருந்து நேரே அட்டைக்குப் போக முடியாது. இழை கணக்குத் தெரியாமல் வரைந்தது அது. ஒவ்வொரு கட்டமும் மறுபடி போட்டாக வேண்டும்.

அடுத்தது திசை. கரை சேலையின் நீளத்தில் ஓடுகிறது. கட்டியிருக்கும்போது யாளி நிமிர்ந்து நிற்க வேண்டுமென்றால், கால் சேலையின் வெளி ஓரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். ஆகவே தறியில் அது படுத்தபடிதான் நெய்யப்படும். நிமிர்த்தி வரைந்து முடித்த பிறகு படத்தை 90 பாகை திருப்புங்கள். திருப்பியதும் 60-ம் 100-ம் இடம் மாறியிருக்கிறதா என்று பிரிண்ட் சைஸில் ஒருமுறை பாருங்கள். முந்தி அப்படி இல்லை. அது தோளிலிருந்து முதுகில் தொங்குவதால் உருவத்தின் கால் முந்தியின் நுனியைப் பார்க்க வேண்டும்.

கட்டுப் புள்ளி

இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் எனக்கு அதிக நேரம் ஆகிறது. யாளியின் உடம்பு முழுவதையும் ஜரிகையால் நிரப்பிவிட்டால், அந்த ஜரிகை எந்த இழையிலும் பிடிக்காமல் மேலே மிதக்கும். வளையல் மாட்டும், மோதிரம் மாட்டும், ஒரு கல்யாணத்துக்குக் கட்டிய சேலை அடுத்த கல்யாணத்துக்குள் பிசிறடிக்கும். இடையிடையே ஒரு பாவு இழை ஜரிகைக்கு மேலே ஏறி அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் புள்ளிதான் கட்டு.

எட்டு கட்டத்துக்கு ஒரு கட்டு வைக்கலாம். நம் கணக்கில் ஏழு இழை மிதப்பு என்பது 2 மில்லிமீட்டருக்கும் குறைவு, வளையல் மாட்டாது. கட்டுகளை ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தால் துணியில் கோடு விழும். ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு கட்டம் தள்ளினால் சாய்வுக் கோடு விழும். 3 கட்டம் அல்லது 5 கட்டம் தள்ளிக்கொண்டே போங்கள், எட்டு வரியில் எட்டு இடமும் ஒருமுறை வந்துவிடும், கோடு தெரியாது. 2, 4, 6 தள்ளினால் சில இழைகளுக்குக் கட்டே வராமல் போகும்.

இப்படி ஒரே சீராகத் தூவிய பிறகு, உருவத்துக்காக அதைக் கலைக்க வேண்டும். இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. பிடரிச் சுருள் வளைகிற திசையில் கட்டுகளை நகர்த்தி வைத்தால், வேறு நிறமே இல்லாமல் சுருள் எழுந்து நிற்கும். விலா எலும்புக்கும் தொடைத் தசைக்கும் அப்படியே. பழைய சேலைகளில் மயிலின் தோகையைப் பாருங்கள். ஒரே ஜரிகையில் கண்ணும் நரம்பும் தெரிவது கட்டு வைத்த கையால்தான். கம்ப்யூட்டர் ஒரே சொடுக்கில் கட்டுகளை நிரப்பித் தரும். அதோடு நிறுத்திவிட்டால் யாளி தகடு வெட்டி ஒட்டியது போலத் தட்டையாக வரும்.

பின்பக்கத்தையும் மறக்கக் கூடாது. உருவம் இல்லாத இடத்தில் ஜரிகை துணியின் பின்னால் மிதந்து போகிறது. கீழ்க்கரையில் அது கால் மெட்டியில் மாட்டும். இரண்டு யாளிகளுக்கு நடுவில் தரை காலியாக இருந்தால் சிறு பொட்டுகளோ மல்லிமொக்கோ வைத்து நிரப்புங்கள். முன்னால் அது அலங்காரம், பின்னால் அது பிடிமானம்.

ஜரிகை, நிறம், கோர்வை

டிசைனைக் குறைத்தால் ஜரிகை மிச்சம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கரையில் ஊடை ஜரிகை ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒவ்வொரு வரியிலும் ஓடுகிறது. உருவம் சிறிதோ பெரிதோ, செலவு ஒன்றுதான். நம் 2.4 அங்குலக் கரையில் ஓர் அங்குலத்துக்கு 60 வரி என்றால் 144 அங்குல ஜரிகை. 5.5 மீட்டர் சேலைக்கு ஒரு பக்கக் கரைக்கு மட்டும், சுருக்கம் சேர்க்காமல், ஏறக்குறைய 790 மீட்டர். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் கரை அகலத்தைக் குறைக்க வேண்டும், அல்லது உருவங்களை உடலில் தனிப் புட்டாவாகச் சிறு நாடா (ஊடை நூலைக் கொண்டுபோகிற ஓடம்) கொண்டு போட வேண்டும். புட்டாவில் ஜரிகை உருவத்துக்குள்ளேயே திரும்பிவிடும். நெசவாளருக்கு நேரம் அதிகம், கூலியும் அதற்கேற்ப வேண்டும். நல்ல காஞ்சிபுரம் ஜரிகையில் 40 சதவீதம் வெள்ளி என்பதால், இந்தக் கணக்கை வரைவதற்கு முன்பே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவது நல்லது.

உருவத்துக்குள் மீனா வேண்டுமென்றால், அதாவது யாளியின் கண்ணுக்குச் சிவப்புப் பட்டு என்றால், அந்த வரிகளுக்கு மட்டும் ஜரிகைக்கு ஓர் அட்டை, சிவப்புக்கு ஓர் அட்டை. வரி எண்ணிக்கை அப்படியே இருக்கும், அட்டை மட்டும் கூடும்.

திரையில் பார்த்து நிறம் முடிவு செய்யாதீர்கள். மயில்கழுத்து நிறத்தில் பாவு ஒன்று, ஊடை ஒன்று. சேலை அசைய அசைய ஒன்று முந்தும், மற்றொன்று பின்வாங்கும். இரண்டு நிறத்தையும் ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளி வைத்துச் சிறிதாக்கிப் பார்த்தால் கலவை ஏறத்தாழத் தெரியும், அசைவு தெரியாது. சாயம் போட்ட பட்டுச் சிட்டத்தை முறுக்கி வைத்த மாதிரிகளைச் சேர்த்து வையுங்கள். பாவு நிறத்துச் சிட்டத்தையும் ஊடை நிறத்துச் சிட்டத்தையும் பகல் வெளிச்சத்தில் வாசலில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கோர்வை பற்றியும் சொல்ல வேண்டும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், மூன்று நாடா, கரை ஊடையும் உடல் ஊடையும் ஒன்றையொன்று கோர்த்துக்கொள்ளும் இடம் அது. கரை ஊடை அந்தக் கோட்டைத் தாண்டி உடலுக்குள் ஓடாது. ஆகவே யாளியின் துதிக்கை கோர்வையைத் தாண்டி நீண்டால் அழகாக இருக்குமே என்று திரையில் தோன்றும் ஆசையை விட்டுவிடுங்கள். கோபுரக் கரை உடலுக்குள் ஏறி நிற்கிறதே என்றால், அந்தப் படிகளை நெசவாளரும் துணைக்கு இருப்பவரும் கையால் கோர்த்து ஏற்றுகிறார்கள். அதற்கு நீங்கள் கொடுக்க வேண்டியது படிப்படியாக எண் போட்ட ஒரு தாள். மற்றதை அவர்களிடம் விடுங்கள். கைத்தறிச் சேலையை விசைத்தறிச் சேலையிலிருந்து பிரித்துக் காட்டும் இடங்களில் முக்கியமானது இது, இதை மாற்ற நான் எந்தக் கருவியையும் தேடவில்லை.

அட்டையா, எலெக்ட்ரானிக் பெட்டியா

180 அட்டை என்றால் தாராளமாக அட்டையே போதும். கம்ப்யூட்டர் படத்திலிருந்தே அட்டை அடித்துத் தருகிற இடங்கள் இருக்கின்றன. ஒவ்வோர் அட்டையிலும் எண் எழுதச் சொல்லுங்கள், கோக்கும்போது ஒன்று மாறினாலும் யாளியின் முகம் வெட்டுப்படும். மின்சாரம் போனாலும் அட்டைத் தறி ஓடும்.

முந்திக்குக் கதை வேறு. ஒரு மீட்டர் முந்தியில் திரும்ப வராத ஒரே காட்சி வேண்டுமென்றால் 39 அங்குலத்துக்கு 2,340 அட்டை. அந்தச் சங்கிலியைத் தொங்கவிட வீட்டில் இடம் வேண்டும், பாரம் தாங்க வேண்டும். அங்கே எலெக்ட்ரானிக் ஜக்கார்டு பெரிய உதவி. பென்டிரைவில் படம் போகும், கொக்கிகளைக் காந்தம் தேர்ந்தெடுக்கும், ஊடை போடுவதும் பலகை அடிப்பதும் கையில்தான் இருக்கும். பெட்டியைத் தூக்கும் பாரத்தை மோட்டாரோ காற்றழுத்தமோ ஏற்றுக்கொண்டால், ஐம்பது வயதைத் தாண்டிய நெசவாளரின் முழங்காலுக்கு அது பெரிய நிம்மதி. கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்கிறவர்கள் பெட்டி வாங்கும் முன் அது சரியா என்று சங்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதிரி நெய்தல்

அட்டை வந்ததும் சேலையைத் தொடங்கிவிடாதீர்கள். பாவின் தொடக்கத்தில் இரண்டு யாளி வருகிற அளவுக்கு மாதிரி நெய்யச் சொல்லுங்கள். அந்த நேரம் நீங்கள் தறிப் பக்கத்தில் இருக்க வேண்டும். “அண்ணா, எந்த வரி கனமாக எழுகிறது?” என்று கேளுங்கள். “இந்த இடத்துல இழை ரொம்ப இறுக்குதும்மா, ரெண்டு கட்டு எடுத்துடு” என்று அவர் சொன்னால் எடுத்துவிடுங்கள். அவர் காலுக்கும் கைக்கும் தெரிவது உங்கள் திரைக்குத் தெரியாது. அவர் சொல்லித் திருத்திய டிசைனில் அவருடைய பங்கும் இருக்கிறது. கடைக்காரரிடம் அதைச் சொல்லி, மாதிரி நெய்த நேரத்துக்கும் கூலி வாங்கிக் கொடுக்க வேண்டியது டிசைன் போட்டவரின் கடமை என்று நான் நினைக்கிறேன்.

மாதிரியை அளந்து பாருங்கள். 60 என்று கணக்கிட்டது அவர் கையில் 56 ஆக விழுந்தால் யாளி 3.2 அங்குலத்துக்கு நீளும், 64 விழுந்தால் 2.8-க்குக் குறுகும். அவருடைய அடியை மாற்றச் சொல்லாதீர்கள், அவர் சேலையின் கெட்டித்தன்மையே அந்த அடியில் இருக்கிறது. வரிகளை நீங்கள் கூட்டிக் குறையுங்கள். கூட்டும்போது படத்தை மொத்தமாக இழுக்காமல் வயிற்றுப் பகுதியிலும் வால் பகுதியிலும் வரிகளைச் சேர்த்துவிட்டு, முகத்தைத் தொடாமல் வையுங்கள். பிறகு அந்த இடத்துக் கட்டுகளை மறுபடி சரிபாருங்கள், சேர்த்த வரியில் கட்டு ஒன்றன்கீழ் ஒன்றாக வந்திருக்கும்.

சரியானதும் கோப்பின் பெயரிலேயே கொக்கி, பாவு, ஊடை, முகம் மேலா கீழா என்று நான்கையும் எழுதிச் சேமியுங்கள். வெறும் ‘யாளி கரை’ என்று வைத்தால் அடுத்த ஆண்டு எந்தத் தறிக்குப் போட்டது என்று யாருக்கும் தெரியாது. ஒரு பிரதியைப் பெரிதாக அச்செடுத்து, அட்டை எண்களோடு, நெசவாளர் வீட்டில் கொடுத்துவிடுங்கள். நடுவில் ஓர் அட்டை கிழிந்தால் அதைப் பார்த்து அவரே அடித்துக்கொள்வார்.